குளத்தை எத்தனை அடி உயர்த்தலாம்? மலையக நீர்ப்பாசனக் குளங்களைப் பெருப்பிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெலிமடைப் பக்கம் ஒரு சின்ன நீர்ப்பாசனக் குளத்துக்குக் கீழேதான் எங்கள் நிலம். விவசாய அமைப்பில் சில வருடம் செயலாளராக இருந்தேன். குளத்தைப் பெருப்பிக்கப் போகிறார்களாம் என்ற பேச்சு எந்த ஊரில் கிளம்பினாலும் யாராவது ஃபோன் எடுத்துக் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பொறியியலாளர் இல்லை. பொறியியலாளர்களுக்குப் பின்னால் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன்.

குளத்தை உயர்த்தினால் சிறுபோகத் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்கு வைத்துக்கொண்ட குளம், எந்த ஊர்க் குளமும் இல்லை. நீர்ப்பரப்பு 4 ஹெக்டயர், கொள்ளளவு 2 இலட்சம் கன மீற்றர். மட்டத்தை 1 மீற்றர் உயர்த்தினால் புதிதாக நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 42,000 கன மீற்றர். ஓரம் கொஞ்சம் விரிவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி வாய்க்காலைப் பாருங்கள். பழைய மண் வாய்க்கால், நண்டு வளை, உடைந்த கொங்கிரீட் துண்டு, நடுவழியில் யாரோ போட்ட பைப். விட்ட தண்ணீரில் பாதிதான் கடைசி நிலத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த 42,000இல் 21,000தான் பயிருக்கு. இப்போது குளத்தின் கட்டை ஒரு அங்குலம்கூட உயர்த்தாமல், வாய்க்காலை மட்டும் திருத்தி இழப்பைப் பாதியிலிருந்து காலாகக் குறையுங்கள். ஏற்கனவே இருக்கிற 2 இலட்சத்தில் நிலத்துக்குப் போவது 1 இலட்சத்திலிருந்து ஒன்றரை இலட்சமாகிறது. 50,000 கூடுதல். கட்டு உயர்த்திக் கிடைத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

எல்லாக் குளத்துக்கும் இதே விடை வராது. வாய்க்கால் நல்ல நிலையில் இருந்து, வருடத்தில் பல மாதம் வான் பாய்ந்து, அதாவது குளம் நிறைந்து மிஞ்சிய தண்ணீர் வழிகிற வாசலால் ஓடி, வீணாகப் போனால் உயர்த்துவதில் அர்த்தம் உண்டு. ஆனால் “எத்தனை அடி” என்று கேட்கிற எங்கள் ஆட்களில் யாரும் “எத்தனை நாள் வான் பாய்கிறது” என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

புனரமைப்பு, பெருப்பித்தல் இரண்டும் ஒன்றா?

இல்லை. புனரமைப்பு என்றால் குளம் கட்டும்போது எப்படி வேலை செய்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவருவது. துருசு (வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மதகு), வான், கட்டின் கல் பதிப்பு, வாய்க்கால் எல்லாம் இதில் வரும். பெருப்பித்தல் என்றால் முன்பு இல்லாத தண்ணீரைத் தேக்குவது. அதற்குப் புது வெள்ளக் கணக்கு, புது நிலம், புது அனுமதி வேண்டும். கூட்டத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

வானில் மண்மூட்டை அடுக்கி இரண்டு அடி கூடத் தேக்கினால் என்ன? செலவே இல்லையே!

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், நாங்களே செய்த வேலை இது.

ஒரு வருடம் மாசியில் மழை வெட்டிவிட்டது. உரப் பைகளில் மண் நிரப்பி வான் வாசலில் மூன்று வரிசை அடுக்கினோம். குளம் நிறைந்து நின்றதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சித்திரையில் ஒரு பின்னேரம் இடி மழை பிடித்தது. இருட்டுவதற்குள் தண்ணீர் பைகளைத் தாண்டி, கட்டின் மேல் பாதைக்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது. பைகளை இழுக்கப் போனால் நனைந்த பை ஒன்றை இரண்டு பேராலும் அசைக்க முடியவில்லை. கடைசியில் கத்தியால் பைகளைக் கிழித்து மண்ணைக் கரைய விட்டோம். “தம்பி, கயிறைக் கட்டிக்கொண்டு இறங்கு” என்று கரையில் நின்று கத்திய பெரியவரின் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கணக்கு எளிது. கட்டின் உச்சி வானின் வாசலைவிட 6 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய வெள்ளம் வரும்போது வானின் மேல் 4 அடி தண்ணீர் ஓடும். மிச்சம் 2 அடி காற்றலைக்கும் கட்டு அமிழ்வதற்கும் விட்ட இடைவெளி. அந்த 2 அடியைத்தான் நாங்கள் மூட்டை அடுக்கித் தின்றுவிட்டோம். மண் கட்டின் மேலாகத் தண்ணீர் வழிந்தால் பின்பக்கம் அரிக்கத் தொடங்கும். அரிப்பு தொடங்கினால் மணிக்கணக்கில் கட்டே போய்விடும். கட்டு தப்பினாலும் மூட்டை ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டால் தேங்கிய இரண்டு அடியும் ஓடைக்குள் பாயும். கீழே லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், இருந்தால் நினைத்துப் பாருங்கள்.

வானை உயர்த்த வேண்டுமானால் ஒன்று கட்டையும் அதே அளவு உயர்த்த வேண்டும், அல்லது வானை நீளமாக்க வேண்டும். வான் நீளமானால் அதே வெள்ளம் குறைந்த ஆழத்தில் வழியும்.

கட்டை ஒரு மீற்றர் உயர்த்துவது பெரிய வேலையா?

மேலே ஒரு மீற்றர் மண் போட்டால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மண் கட்டு சரிவானது. இரண்டு பக்கமும் 1 மீற்றர் உயரத்துக்கு 2.5 மீற்றர் சரிவு என்று வைத்தால், 1 மீற்றர் உயர்த்தும்போது அடிப்பாகம் 5 மீற்றர் அகலும். குளத்தில் தண்ணீர் நிற்பதால் மண்ணைப் பின்பக்கம்தான் சேர்ப்பார்கள். ஆக அந்த 5 மீற்றரும் கீழ்ப்பக்கம் போகும். துருசின் குழாயையும் அதே அளவு நீட்ட வேண்டும். பழைய கட்டின் புல்லையும் மேல்மண்ணையும் வழித்துவிட்டுப் படிப்படியாக வெட்டிப் புதுமண்ணைப் பிணைக்காவிட்டால் இரண்டும் ஒட்டாது.

சமவெளியில் 5 மீற்றர் ஒரு பொருட்டே இல்லை. இங்கே கட்டின் அடியில்தான் பாதை, கோயில், மரக்கறி ஏற்றுகிற இடம், சில இடத்தில் வீட்டுச் சுவர். எங்கள் குளத்தில் அளந்தபோது மஞ்சள் நிற மரத்துண்டு ஒன்றை ஒரு வீட்டுக் குசினிக்குப் பின்னால் அறைந்துவிட்டுப் போனார்கள். அது என்னவென்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. துணி காயப்போடக் கயிறு கட்டிக்கொண்டார்.

உயர்த்தாமல் சேற்றை அள்ளினால் போதாதா?

சில இடத்தில் போதும். ஆனால் அளவை யோசியுங்கள். 20,000 கன மீற்றர் சேறு என்றால், 3 கியூப் (ஏறத்தாழ 8.5 கன மீற்றர்) ஏற்றுகிற டிப்பரில் 2,300 லோடுக்கு மேல். அதை எங்கே கொட்டுவது? மலைச்சரிவில் கொட்டினால் அடுத்த மழைக்குத் திரும்பி வரும், அல்லது கீழே யாருடைய வீட்டு மேலாவது வரும். பெக்கோக்காரர் உற்சாகத்தில் கட்டுக்குப் பக்கத்தில் ஆழமாகத் தோண்டினால், தண்ணீரை மறித்து நிற்கிற களிமண் படை கிழிந்துபோகும். அதன் பிறகு குளம் நிறைய நிறையக் கசியும்.

மேலே மண் அரிப்பு நிற்காமல் சேறு அள்ளுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் வார்ப்பது போல. மகாவலி ஆற்றில் 1976இல் திறந்த பொல்கொல்ல அணையின் சின்னத் தேக்கத்தில் பன்னிரண்டு வருடத்துக்குள் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சேறு நிறைந்துவிட்டது. காரணம் மேலே உள்ள சரிவுகள். எங்கள் பக்கம் உருளைக்கிழங்குப் பாத்தியைப் பலர் சரிவின் நீளவாக்கில், மேலிருந்து கீழாக வெட்டுகிறார்கள். தண்ணீர் வடியும், கிழங்கு அழுகாது, உண்மைதான். மண்ணும் சேர்ந்து வடிகிறது. 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாத்தி இன்னும் அப்படியே.

குளத்துக்குள் ஓடை விழுகிற இடத்தில் ஒரு சின்னச் சேற்றுத் தடுப்பைக் கட்டி, வருடா வருடம் அதை மட்டும் அள்ளுவது எனக்குப் பிடித்த வழி. செலவும் குறைவு.

கட்டின் பின்பக்கம் ஈரமாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

மண் கட்டு கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்த தண்ணீர், வருடா வருடம் ஒரே அளவு என்றால் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தாலோ, திடீரென்று கூடினாலோ, உடனே அறிவியுங்கள். கட்டின் உள்ளே மண் கழுவப்படுகிறது என்று அர்த்தம். ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் அடியில் மண் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம்.

1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடியற்காலை கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பழைய, பெரிய குளம். வெள்ளம் மேலாக வழிந்து உடைந்ததல்ல, கட்டுக்குள்ளேயே மண் அரித்துப் போனது. குழாய், துருசு எதுவானாலும் கட்டைத் துளைத்துப் போகிற இடத்தின் ஓரமாகத்தான் தண்ணீர் முதலில் வழி தேடும். அதனால் “பைப் ஒன்று போட்டுக்கொள்கிறேன்” என்று யாராவது கட்டைத் தோண்ட வந்தால் மச்சானாக இருந்தாலும் விடாதீர்கள்.

கட்டில் பெரிய மரம் வளர்ந்திருக்கிறதா, முள்ளம்பன்றி வளை இருக்கிறதா, புற்று இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மரத்தை வெட்டியதோடு விட்டுவிட்டால் வேர் அழுகி உள்ளே ஓட்டை விழும். அதையும் சொல்லித்தான் வெட்ட வேண்டும்.

மலையில் கூடுதல் தண்ணீரைத் தேக்கினால் மண்சரிவு வருமா?

வரலாம். குளத்தின் கட்டு மட்டுமல்ல, சுற்றியுள்ள மலையும் தண்ணீரைத் தாங்க வேண்டும். எங்கள் மலைகளில் பாறைக்கு மேல் உக்கிய மண் பல மீற்றர் ஆழத்துக்கு நிற்கிறது. மட்டம் உயர்ந்தால் முன்பு காய்ந்திருந்த சரிவின் அடி நனைகிறது. அப்புறம் துருசை முழுதாகத் திறந்து மட்டத்தை வேகமாக இறக்கினால் சரிவுக்குள் ஊறிய தண்ணீர் அதே வேகத்தில் வடியாது. வெளியே தாங்கிப் பிடித்த தண்ணீர் போய்விட, உள்ளே கனம் மட்டும் மிஞ்சும். வழுக்குவது பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே ஒரு நாளில் எவ்வளவு இறக்கலாம் என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டும்.

பாறையையும் நம்பிவிட முடியாது. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ நீர்த்தேக்கத்தை நிரப்பியபோது, 1992இல், வலது கரை மலைக்குள்ளால் தண்ணீர் பீறிட்டது. சுண்ணாம்புப் பாறையில் குகை போன்ற இடைவெளிகள். சிமெந்துக் கரைசலைச் செலுத்தினார்கள், பிறகு மேலிருந்து களிமண் கொட்டினார்கள், முழுதாக நிற்கவில்லை. அந்தக் கசிவுத் தண்ணீரே கல்தோட்டப் பக்கம் வயலுக்குப் போகிறது என்பது வேறு கதை. உமா ஓயா சுரங்கத்தில் 2014 கடைசியில் தண்ணீர் உள்ளே பாயத் தொடங்கியபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றியதையும் வீட்டுச் சுவர்கள் வெடித்ததையும் நாங்கள் கண்ணால் பார்த்தோம். அந்தத் திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

உங்கள் சின்னக் குளத்துக்கு இவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. இருந்தாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். குளத்தின் கரைக்கு மட்டும் போதாது, கட்டு உயர்த்த மண் வெட்டப்போகிற மேட்டுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதை மறந்துவிடுகிறார்கள்.

எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்?

குளத்தின் கீழ் பாசனம் பெறும் நிலம் 80 ஹெக்டயருக்கு, அதாவது 200 ஏக்கருக்கு உட்பட்டால் சிறு நீர்ப்பாசனம், அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பக்கம். அதற்கு மேல் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம் அல்லது மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம். தோட்டத்துக்குள் இருக்கிற குளம் என்றால் தோட்ட நிர்வாகம், அதற்கு மேல் அரசு. எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு போகம் போகும். கமநல சேவை நிலையத்தில் தொடங்குங்கள்.

சுற்றாடல் அறிக்கை எங்கள் குளத்துக்கும் தேவையா?

சிறு நீர்ப்பாசன வேலைகள் பொதுவாகச் சுற்றாடல் அறிக்கை கட்டாயமான வேலைகளின் பட்டியலில் வராது. ஆனால் 1 ஹெக்டயருக்கு மேல் காடு அழிந்தாலோ, 100 குடும்பத்துக்கு மேல் இடம்பெயர நேர்ந்தாலோ வரும். முழு அறிக்கை என்றால் பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள் வைப்பார்கள். தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். முதலில் படத்தைப் பாருங்கள், புதிய நீர்மட்டக் கோடு எந்த வீட்டைத் தொடுகிறது என்பது படத்தில்தான் தெரியும். எழுத்தில் “சில கட்டமைப்புகள்” என்று போட்டிருப்பார்கள்.

லயத்தில் இருக்கிறோம், காணி உறுதி இல்லை. எங்களுக்கு நட்டஈடு உண்டா?

மலையகத்தில் இது மிகவும் சிக்கலான இடம். தோட்டக் காணி அரசுடையது. 1992க்குப் பிறகு பெரும்பகுதி கம்பனிகளிடம் நீண்ட குத்தகையில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தல் சட்டம் உரித்துள்ளவரைத் தேடுகிறது. லயத்துக்குப் பின்னால் நாற்பது வருடமாகக் கரட்டும் லீக்சும் போட்ட ஆளுக்கு அந்தத் தாளில் பெயர் இல்லை. ஆனால் 2001இல் அமைச்சரவை ஏற்ற தேசிய மீள்குடியேற்றக் கொள்கை, உரித்துப் பத்திரம் இல்லாதவரும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்கிறது. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் நடக்கிற வேலை என்றால் அவர்களுடைய விதியும் அதையே சொல்கிறது.

கொள்கை தானாக வீடு தேடி வராது. கணக்கெடுப்பு நடக்கிற நாளில் உங்கள் பெயர் பதிவாக வேண்டும். வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் ஒருவரை நிறுத்துங்கள். தோட்டப் பாத்தி, மாட்டுக் கொட்டில், கழிவறை, பலா மரம், எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். படம் எடுத்து வையுங்கள். கிராம உத்தியோகத்தர் கையொப்பமிட்ட பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். தோட்டத்துரை சொன்னார், அமைப்புத் தலைவர் சொன்னார் என்பதெல்லாம் பிறகு உதவாது.

இன்னொன்று. விவசாய அமைப்புப் பதிவேட்டில் ஓடைக்கு அந்தப் பக்கம் வயல் உள்ளவர்கள் இருப்பார்கள், லயத்து மரக்கறிப் பாத்திக்காரர் இருக்க மாட்டார். தண்ணீர் பிரிக்கும்போது பதிவேடுதான் பேசும். நான் செயலாளராக இருந்த காலத்தில் ஆறு பேரைச் சேர்க்க இரண்டு வருடம் இழுத்தது. சேர்த்தாயிற்று.

வேலை நடக்கும் வருடம் பயிர் செய்ய முடியுமா?

கட்டில் கை வைத்தால் குளத்தை இறக்க வேண்டும். ஊவாப் பக்கம் வறண்ட காலம் ஆனி முதல் ஆவணி வரை. தேயிலைக்கு ஊவா சீசன் மணத்தைக் கொடுக்கிற அதே காய்ந்த காற்று அப்போது வீசும், மண் வேலைக்கு அருமை. மரக்கறிக்கும் அப்போதுதான் தண்ணீர் தேவை. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் அதே மாதங்களில் தென்மேற்கு மழை, அங்கே தை முதல் பங்குனி வரைதான் வசதி. எங்காவது ஒரு போகம் போகும். போகக் கூட்டத்திலேயே இதைப் பேசி, இழப்புக்கு என்ன தருவார்கள் என்பதை அறிக்கையில் எழுத வையுங்கள். கொந்தராத்துக்காரர் தாமதித்தால் இரண்டாவது போகமும் போகும், அதையும் சேர்த்து.

மேலே தேக்கினால் கீழே மின்சாரத்துக்குத் தண்ணீர் குறையும் என்று மறிப்பார்களா?

சின்னக் குளத்துக்கு அப்படி யாரும் மறித்து நான் பார்க்கவில்லை. பெரிய அளவு என்றால் மகாவலி ஆற்றுப்படுகையில் கேள்வி எழும். ஆனால் இரண்டும் ஒத்துப்போகவும் முடியும். மினிப்பே அணையை 3.5 மீற்றர் உயர்த்தும் திட்டத்தின் எண்ணமே, மேலே இரந்தெனிகல, இரந்தம்பே மின்நிலையங்கள் விடுகிற தண்ணீரைப் பிடித்து வாய்க்காலுக்கு ஒழுங்காகக் கொடுப்பதுதான். அதோடு சேர்த்து 74 கிலோமீற்றர் இடதுகரை வாய்க்காலையும் திருத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள். உயரம் தனியாக வரவில்லை.

அதிகாரிகள் வருவதற்கு முன் நாங்கள் என்ன செய்யலாம்?

ஒரு கொப்பி வாங்குங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் நீர்மட்டம், மழை, துருசு எத்தனை சுற்றுத் திறந்திருக்கிறது, வான் பாய்கிறதா, பின்பக்கக் கசிவு தெளிவா கலங்கலா என்று எழுதுங்கள். அளவுகோல் துருப்பிடித்திருந்தால் கொங்கிரீட் சுவரில் பெயின்ட்டால் அடி, அங்குலம் போட்டுக்கொள்ளலாம். மழைமானி இல்லாவிட்டால் கமநல சேவை நிலையத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ கேளுங்கள். தோட்டங்களில் மழைக் கணக்கு வைக்கிற பழக்கம் துரைமார் காலத்திலிருந்து உண்டு. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் குளத்தை மட்டுமல்ல, மேட்டையும் பார்க்க வேண்டும்.

எங்கள் கொப்பியில் மூன்று வருடக் கணக்கு இருந்தது. ஆய்வுக்கு வந்த பொறியியலாளர் தன் கணினியை மூடிவிட்டு அரை மணி நேரம் பக்கம் பக்கமாகப் ஃபோனில் படம் எடுத்தார். வருடத்தில் எத்தனை நாள் வான் பாய்கிறது என்பது அதில் இருந்தது. கட்டை உயர்த்தும் பேச்சு அன்றோடு 1 மீற்றரிலிருந்து அரை மீற்றராக இறங்கியது, வாய்க்காலுக்குக் காசு கூடியது.

பேனாவால் எழுத வேண்டாம். துருசு மேடையில் நின்று எழுதும்போது தூறல் பட்டால் மை ஊறிவிடும். பென்சில் போதும்.